முழங்கையில் ஒட்டு

ஜாக்கெட் வாங்கப் போகிறேன் என்றேன்.
நானூற்று அறுபது டொலரா,
தையற்கூலியும் சேர்த்தா என்று கேட்டாள்
சென்னையிலிருந்து ரேணுகாதேவி.
அவள் மனதில் ரவிக்கை.
என் மனதில் ஜனவரி,
காலை நாலேமுக்கால்,
பார்க் எக்ஸ்டென்ஷன் பாலத்தடியில்
எதிர்க்காற்று.

முன்பனி, பின்பனி என்று
பனிக்கு இரண்டு அறை ஒதுக்கிய மொழி என்னுடையது.
மொன்றியலில் அது வீடு முழுக்கக் குடியேறி
ஏப்ரல் வரை வாடகை தராமல் இருக்கிறது.

முதல் பஸ் ஐந்தரைக்கு.
ஆஸ்பத்திரிக் குசினியில் என் அட்டை
ஐந்து பத்துக்குள் பதியவேண்டும்.
ஆகவே சைக்கிள்.
ஆகவே இந்தக் கடை,
இரண்டு கொக்கியில் இரண்டு கறுப்பு.

எழுபத்தொன்பது டொலருக்கு ஒன்று.
அதன் பெயர் அதைத் தைத்தவருக்கே ஞாபகம் இருக்காது.
மற்றதன் பெயரோ நெஞ்சில்
ஒரு சிறிய வெள்ளிப் பறவையாய்க் குந்தியிருந்தது.
ஆயுள் உத்தரவாதம் என்றது சீட்டு.
யாருடைய ஆயுள் என்று எழுதவில்லை.

பெயருக்குத்தான் காசு அக்கா,
மலிவை வாங்கி உள்ளே இரண்டு ஸ்வெட்டர் போடுங்கோ
என்பான் குசினியில் பக்கத்தில் நிற்கும் குலேந்திரன்.
அவன் வேலைக்கு வருவது
இருக்கை சூடாகும் காரில்.

கண்ணாடி முன் நிமிர்ந்து நின்றேன்.
இரண்டுமே வடிவு.
ஆனால் சைக்கிளில் யார் நிமிர்ந்து நிற்கிறார்கள்?
குனிந்தேன்,
இல்லாத ஹாண்டிலை எட்டிப் பிடித்தேன்.
மலிவு முதுகால் ஏறி
இடுப்பில் நாலு விரல் அகலத்தைக் கைவிட்டது.
விலை கூடியது பின்னால் வால் நீட்டி
இருக்கை வரை கூட வந்தது.
அக்குளில் ஒரு சிப்,
ஏற்றத்தில் திறக்க, இறக்கத்தில் மூட.

குளிர் வெளியிலிருந்து மட்டும் வருவதில்லை.
போன வருஷம் படித்தது அது.
ஏற்றத்தில் மிதித்த வியர்வை
சிவப்பு விளக்கில் நிற்கும்போது
ஈரத்துணியாய் முதுகில் ஒட்டும்.
என் உடம்பே உண்டாக்கிய குளிர்.
அதற்கு எத்தனை ஸ்வெட்டர் போட்டாலும்
இன்னும் ஈரம்தான்.

கணக்குப் போட்டேன்.
கையில் வருவது மணிக்குப் பதினேழு.
இது இருபத்தேழு மணித்தியாலத் தட்டுக் கழுவல்,
அது ஐந்துக்குச் சற்றுக் குறைவு,
வரி தனி.
விரலுக்குத் தக்க வீக்கம் என்பார்கள்.
என் விரல்கள் குளிரில்
ஏற்கெனவே வீங்கியிருந்தன.

குனிந்தபடியே நான் நிற்பதைப் பார்த்த கடைப் பெடியன்
ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்
மூன்றாவதைக் கொண்டுவந்தான்.
அதே வெள்ளிப் பறவை. கடுகு மஞ்சள்.
இடது முழங்கையில் கறுப்பு ஒட்டு.
நூற்றுத் தொண்ணூறு.
"விழுந்துவிட்டார்," என்றான்,
"திருப்பித் தந்துவிட்டார்."

மலிந்தால் சந்தைக்கு வரும்.
எப்படி மலிந்தது என்று
வாங்குகிறவர் கேட்பதில்லை.
நான் கேட்டேன், பெடியனிடமல்ல, அந்த ஒட்டிடம்.
எந்தச் சந்தி?
கண்ணுக்குத் தெரியாத எந்தப் பனிக்கட்டி?
எழும்பினாரா?
எழும்பித்தான் இருப்பார்.
ரசீதோடு வந்து காசு கேட்க
ஒரு கையாவது வேண்டுமே.

குனிந்து பார்த்தேன்.
வால் நீண்டது.
அவருக்கு என் உயரம்,
அல்லது பயத்தில் எல்லாரும் ஒரே அளவு.

வாங்கிவிட்டேன்.
கடுகு நிறம் எனக்குப் பிடிக்காது,
லொறிக்காரருக்குப் பிடித்தால் போதும்.
இப்போது இடப்பக்கம் திரும்பும் ஒவ்வொரு முறையும்
எனக்கு முன்னே
அந்த முழங்கைதான் வேகம் குறைக்கிறது.

படம் அனுப்பினேன்.
ஹெல்மெட், மூக்கு வரை துணி,
இமையில் உறைபனி.
ரேணுகாதேவி பதில் போட்டாள்:
நிறம் எடுப்பாய் இருக்கு,
கைதான் கொஞ்சம் நீளம்.